மலை ரயிலை மேசைமேல் ஏற்றுவது: மோட்டார் வைத்த லெகோ மாடல்கள் பற்றி ஒரு பதில்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) ஒரு பள்ளி ஆசிரியை கேட்டிருக்கிறார். மகனுக்கென்று வாங்கிய லெகோ டெக்னிக் செட்டை, அதாவது கியர் வைத்துக் கட்டும் பிளாஸ்டிக் துண்டுகளை, மகன் தொடுவதே இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இவர்தான் உட்கார்ந்து கட்டுகிறார். இப்போது மோட்டார் வைத்துச் சொந்தமாக ஏதாவது செய்ய ஆசை வந்திருக்கிறது. நம் மலை ரயில் போல ஒன்றைக் கட்டிச் சரிவில் விட்டால், ஏறாமல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறதாம். அதை எப்படி ஏற்றுவது, அடுத்து எதை வாங்குவது, நம் ஊர்க் குளிருக்கும் ஈரத்துக்கும் இதெல்லாம் தாங்குமா, செய்ததை யாரிடம் எப்படிக் காட்டுவது என்று கேட்கிறார். இந்த வயதில் பொம்மையா என்று வீட்டில் சிரிப்பதையும் ஓரமாகச் சொல்லியிருக்கிறார்.

சிரிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். லெகோ நிறுவனமே 2020 முதல் பெரியவர்களுக்கான பெட்டிகளில் 18+ என்று அச்சடித்துத்தான் விற்கிறது. அதற்கு முந்தைய வருடம் வந்த லீபெர் ஆர் 9800 என்ற சுரங்க எக்ஸ்கவேட்டர் மாடலில் 4,108 துண்டுகள், 7 மோட்டார்கள். அதை எந்தக் குழந்தைக்காகச் செய்திருப்பார்கள்? வீட்டில் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். வண்டி ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டுக்குக் கை நீட்டுவதும் அவர்களாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த மாதிரிப் பெரிய பெட்டியை அடுத்ததாக வாங்காதீர்கள். விலை ஒரு காரணம்தான். கையேட்டைப் பார்த்துப் பார்த்துக் கடைசிப் பக்கம்வரை கட்டி முடித்த பிறகும், உள்ளே எந்த கியர் எதற்காக இருக்கிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. பேனல் போட்டு எல்லாவற்றையும் மூடியாயிற்று. மோட்டார் மாடலின் ருசி முழுக்க அந்த மூடிய இடத்தில்தான் இருக்கிறது. ஒரே ஒரு பொறியை எடுத்துக்கொண்டு, அது முரண்டு பிடிக்காமல் ஓடும்வரை பிரித்துப் பிரித்துக் கட்டுங்கள். மேல்கூரை, ஜன்னல், பெயின்ட் நிறம் எல்லாம் அப்புறம். எந்தப் பொறி என்று தேட வெளிநாட்டுப் படங்களைப் புரட்ட வேண்டியதில்லை. கல்லாறு தாண்டிப் பல் தண்டவாளத்தில் ஏறும் ரயில், கிளன்மார்கனில் மின்வாரியத்தின் விஞ்ச், அந்தப் பக்கம் பழனியில் விஞ்சும் ரோப் காரும், நம் ஒவ்வொரு ஊரிலும் இரைந்துகொண்டிருக்கும் டீ ஃபேக்டரி. நான் குன்னூர்ப் பக்கம் டீ ஃபேக்டரியில் மெஷின் பராமரிப்பில் இருந்தவன். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் ரயில். அது வழுக்குவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, நிஜ ரயிலும் வழுக்கத்தான் செய்யும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும் அங்கிருந்து ஊட்டிக்கு 1908-லும் பாதை வந்தது. கல்லாறு முதல் குன்னூர் வரை சரிவு அதிகபட்சம் 12.28-க்கு 1, அதாவது 12.28 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏற்றம். சும்மா இரும்புச் சக்கரத்தை நம்பி இதில் ஏற முடியாது என்பதால்தான் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த பட்டைகளைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்து ஏறும்படி செய்தார்கள். ஆப்ட் முறை என்று இதற்குப் பெயர். குன்னூருக்கு மேலே சரிவு குறைவு, அங்கே பல் பட்டை கிடையாது.

உங்கள் மேசைக் கணக்கைப் பார்ப்போம். ரயில் மொத்தம் ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-க்கு 1 சரிவில் அதை ஏற்றத் தேவையான இழுப்பு, எடையில் 12-ல் ஒரு பங்கு, அதாவது 125 கிராம். உராய்வைச் சேர்த்தாலும் ஒரு லெகோ மோட்டாருக்கு இது சுமையே இல்லை. ஆக இன்னொரு மோட்டார் சேர்த்தாலோ பேட்டரியை மாற்றினாலோ உங்கள் பிரச்சினை தீராது. குறை பிடிமானத்தில் இருக்கிறது. வழவழப்பான பிளாஸ்டிக் தண்டவாளம், லேசான எஞ்சின். அந்த 125 கிராமைத் தள்ளும் அளவுக்குச் சக்கரம் ஊன்றுவதில்லை. சக்கரத்தில் ரப்பர் வளையம் போட்டு, எஞ்சினுக்குள் எடை வைத்தால் ஓரளவு ஏறும். ஆனால் மலை ரயில் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு ரப்பர் வளையத்தில் ஏற்றினால் என்ன சுகம்? பல் வைத்தே ஏற்றுங்கள்.

அதற்கு முன்னால் சரிவைச் சரியாக அமைக்க வேண்டும். லெகோவின் அளவுகள் இங்கே நமக்குத் தோதாக அமைந்திருக்கின்றன. துண்டின் மேலே நிற்கும் குமிழுக்குக் குமிழ் இடைவெளி 8 மி.மீ., பிளேட் என்ற தட்டைத் துண்டின் உயரம் 3.2 மி.மீ., மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு பிரிக், 9.6 மி.மீ. ஐந்து குமிழ் நீளத்துக்கு ஒரு பிளேட் உயர்த்தினால் 40-க்கு 3.2, அதாவது 12.5-க்கு 1. கல்லாறு சரிவுக்கு மிக அருகில் வந்துவிட்டோம். நடைமுறையில் ஒரு நேர்த் தண்டவாளத் துண்டு 16 குமிழ் நீளம் என்பதால், துண்டுக்கு ஒரு பிரிக் என்று உயர்த்திக்கொண்டே போவது எளிது, சரிவு 13.3-க்கு 1 என்று வரும். பார்ப்பவர் யாரும் அளவுகோலை எடுக்கப் போவதில்லை. ஆரம்பத்தில் மட்டும் எடுத்த எடுப்பில் ஒரு பிரிக் உயர்த்தாதீர்கள். முதல் துண்டுக்கு ஒரு பிளேட், அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு மூன்று என்று போங்கள். உச்சியில் இறக்கும்போதும் அப்படியே. சமதளம் சரிவாக மாறும் மடிப்பில்தான் பல்சக்கரம் பிடி விடும்.

பல் பட்டைக்கு லெகோவிலேயே ரேக் என்ற நேரான பல் துண்டு இருக்கிறது. நாலு குமிழ் நீளமுள்ளதில் 10 பற்கள். ஸ்லீப்பர் கட்டைகளின் நடுக் குமிழ்களில் முதலில் நீள பிளேட்டைப் பதித்து, அதன் மேல் ரேக்கை வரிசையாக வையுங்கள். எஞ்சினுக்கு அடியில் 16 பல் கியர். அது ஒரு முறை சுற்றினால் வண்டி 16 பல் நகரும், சுமார் 51 மி.மீ. நிஜ ரயிலில் இந்தப் பகுதியில் உச்ச வேகம் மணிக்கு 13 கி.மீ. லெகோ தண்டவாள அகலம் சுமார் 37.5 மி.மீ., நம்முடையது மீட்டர் கேஜ் (1,000 மி.மீ.), ஆக அளவு விகிதம் 27-க்கு 1 பக்கம் வரும். அந்த விகிதத்தில் உங்கள் ரயில் விநாடிக்கு 13 செ.மீ. போனால் போதும். அதாவது கியர் நிமிடத்துக்கு 160 சுற்று அளவில். லெகோவின் பெரிய மோட்டாரான எக்ஸ்எல்லை நேராகவே இணைத்தாலும் கிட்டத்தட்ட அந்த வேகம்தான் வரும். இன்னும் மெதுவாகப் போனாலும் அழகுதான், குன்னூர் ரயிலுக்கு அவசரம் கிடையாது.

இங்கே பலரும் ஒரு விஷயத்தில் மாட்டிக்கொள்வார்கள். தண்டவாளச் சக்கரத்தையும் பல்சக்கரத்தையும் ஒரே ஆக்ஸிலில் (அச்சுத் தண்டில்) போட்டுவிடுவார்கள். இரண்டின் சுற்றளவும் ஒன்றாக இருக்காது. ஒரு சுற்றுக்கு ஒன்று கொஞ்சம் அதிகம் போக நினைக்கும், மற்றது குறைவாக. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கடகடவென்று உதறும். பல்சக்கரத்துக்கு மட்டும் மோட்டார் விசையைக் கொடுத்து, தண்டவாளச் சக்கரங்களைச் சும்மா உருள விடுங்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் இதையே வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். அதில் நாலு சிலிண்டர். இரண்டு தண்டவாளச் சக்கரங்களுக்கு, இரண்டு பல்சக்கரங்களுக்கு. முதல் ஜோடியில் வேலை முடித்து வெளியேறும் நீராவியே, பல் பட்டைப் பகுதியில் இரண்டாவது ஜோடிக்குப் போகிறது. சமதளத்தில் முதல் ஜோடி மட்டும் வேலை செய்யும். குன்னூர் ஸ்டேஷனில் எஞ்சின் நிற்கும்போது பக்கவாட்டில் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர் இருப்பதைப் பார்க்கலாம். ஒரு நாள் போய் நின்று பாருங்கள், எந்தக் கையேட்டையும்விட அதில் அதிகம் தெரியும்.

ஆப்ட் முறையில் பட்டை ஒன்றல்ல, இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எப்போதும் ஏதாவது ஒரு பல் கடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. லெகோவில் இதை அப்படியே செய்ய ஆசைப்பட்டு இரண்டாவது ரேக் வரிசையை ஒரு குமிழ் தள்ளி வைத்தால் சரியாக அரைப் பல் மாறும், ஏனென்றால் 8 மி.மீ.க்கு இரண்டரைப் பல். பட்டை வந்துவிட்டது. ஆனால் அதற்கேற்ப இரண்டாவது கியரையும் அரைப் பல் திருப்பி மாட்ட வேண்டுமே! கூட்டல் குறி ஆக்ஸிலில் கியரைக் கால் சுற்றாகத்தான் திருப்ப முடியும். 16 பல் கியரில் கால் சுற்று என்றால் நாலு பல். அரைப் பல் கிடைக்கவே கிடைக்காது. ஆகவே இரண்டாவது வரிசையை இரண்டு குமிழ் தள்ளி வையுங்கள். 16 மி.மீ.க்கு ஐந்து பல், பற்கள் நேருக்கு நேர் நிற்கும், இணைப்புகள் மட்டும் மாறி மாறி வரும். ஒரு வரிசையில் துண்டுக்குத் துண்டு இடைவெளி திறக்கும் இடத்தில் மற்ற வரிசை முழுசாக இருக்கும். அசலின் நோக்கம் நிறைவேறிவிடுகிறது, வழி மட்டும் வேறு. எனக்கு இந்த மாதிரி இடங்கள்தான் பிடிக்கும். அப்படியே நகலெடுக்க முடியாமல் போகும்போதுதான், அசலில் அது ஏன் அப்படி இருக்கிறது என்பதே நமக்குப் புரிகிறது.

இன்னொன்று, எஞ்சினைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி எதுவும் கழன்று கீழே ஓடிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. லெகோவுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் லெகோ ரயில் பெட்டிகளை இணைப்பது காந்தம். சரிவில் இழுத்தால் காந்தம் பிரியும், தள்ளினால் பிரியாது. வளைவில் மட்டும் லேசான பெட்டி தண்டவாளத்தை விட்டுத் துள்ளும். பெட்டியின் அடியில் கொஞ்சம் எடை வைத்தால் அடங்கும். லெகோவின் வழக்கமான வளைவுத் துண்டு 40 குமிழ் ஆரம், 16 துண்டு சேர்ந்தால் ஒரு வட்டம். மலைக்கு அது மிகவும் நெருக்கமான வளைவு, அதில் பல் பட்டையும் போட முடியாது. முதல் மாடலில் சரிவை நேராகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்? நிஜ ரயிலில் பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நிற்பார். நமக்குத் திருகு போல இருக்கும் வார்ம் கியர் இருக்கிறது. வார்ம் ஒரு சுற்று சுற்றினால் எதிரில் உள்ள கியர் ஒரு பல் நகரும். எதிர்த்திசையில், அதாவது கியரைத் திருப்பி வார்மைச் சுற்ற வைக்க முடியாது. மோட்டாரை நிறுத்தினால் ரயில் சரிவில் அப்படியே நிற்கும். ஆனால் விசையில் பெரும்பங்கு உராய்வில் போய்விடும், வேகமும் ஆமை வேகம். ரயிலுக்கு வேண்டாம். விஞ்சுக்கும் ரோப் காருக்கும் அதுதான் சரி. பழனி விஞ்ச் செய்ய நினைத்தால் வார்ம், ஒரு கயிற்று உருளை, ஒரு வெள்ளை கிளட்ச் கியர், இவ்வளவே போதும். அந்தக் கிளட்ச் கியருக்கு 24 பல்; பாரம் அளவு மீறினால் உள்ளேயே வழுக்கிக்கொள்ளும். பெட்டி மேலே போய் முட்டி நின்ற பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் கயிறும் பல்லும் தப்பிக்க இது ஒன்றுதான் வழி.

கியர் கணக்குக்கு ஒரு சுருக்கு வழி. லெகோ கியரில் எத்தனை பல்லோ அத்தனை மி.மீ. அதன் வேலை விட்டம். இரண்டு கியரின் பற்களைக் கூட்டிப் பாதியாக்கினால் ஆக்ஸிலுக்கு ஆக்ஸில் தூரம் வந்துவிடும். 8-ம் 24-ம் சேர்ந்தால் 16 மி.மீ., இரண்டு குமிழ். 8-ம் 40-ம் 24 மி.மீ., மூன்று குமிழ். 8-ம் 16-ம் 12 மி.மீ., ஒன்றரைக் குமிழ். அதற்குக் கட்டத்தை அரைக் குமிழ் நகர்த்த வேண்டும். இதை மனதில் வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

டீ ஃபேக்டரி மாடல் செய்ய இந்தக் கணக்கு நேராகக் கைகொடுக்கும். கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷினில் இரண்டு பல் உருளைகள் எதிரெதிராகச் சுற்றும். வேகம் ஒன்றல்ல. ஒன்று 10 சுற்றுச் சுற்றும்போது மற்றது 1. மெதுவான உருளை கொழுந்தைப் பிடித்து நிறுத்த, வேகமானது கிழிக்கிறது. இரண்டையும் ஒரே வேகத்தில் விட்டால் கொழுந்து சும்மா நசுங்கி வெளியே வந்துவிடும். லெகோவில் 8-க்கு 24-ஐ இரண்டு தடவை போட்டால் 9-க்கு 1. கண்ணுக்கு அது போதும். பத்தே வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் 8-க்கு 40 போட்டு ஐந்து, அடுத்து 8-க்கு 16 போட்டு இரண்டு. அந்த ஒன்றரைக் குமிழ் தொல்லையை ஏற்றுக்கொள்ள வேண்டும். நான் பிடிவாதக் கட்சி. ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்கள் மாடலைப் பார்த்ததும் முதலில் கவனிப்பது உருளை வேகத்தைத்தான், கூரையின் நிறத்தை இல்லை. எதிரெதிராகச் சுற்றுகிறதா என்பதையும் சரி பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு கியர் கூடினாலோ குறைந்தாலோ திசை மாறிவிடும்.

இனி மோட்டாரும் பேட்டரியும். லெகோவில் இரண்டு தலைமுறை கலந்து புழங்குகிறது. 2007-ல் வந்த பவர் ஃபங்ஷன்ஸ் பழையது. 2018-ல் வந்த பவர்டு அப் புதியது. இரண்டின் பிளக்கும் வேறு, ஒன்றில் மற்றது நேரடியாகச் சேராது. பழையதில் பேட்டரி பெட்டியில் ஒரு சுவிட்ச், போட்டால் ஓடும். ரிமோட் வேண்டுமென்றால் அகச்சிவப்புக் கதிர். அதனால் வெயிலில் வெளியே வைத்து ஓட்டினால் ரிமோட் சொல் கேட்காது. புதியது புளூடூத், வெயில் ஒன்றும் செய்யாது. பல மாடல்களுக்குக் கைபேசி ஆப் வேண்டும். ஆப்பை நம்பியிருக்க விருப்பம் இல்லை என்றால் பைபிரிக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள் உண்டு. பைத்தான் என்ற கணினி மொழியில் நாலு வரி எழுதி, மோட்டாரை இயக்கும் ஹப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டால், அதன்பிறகு போன் இல்லாமல் தானாக ஓடும். பள்ளி ஆசிரியை என்கிறீர்கள், மாணவர்களுக்குச் சொல்லித்தரவும் ஆகும். உங்கள் முதல் மாடலுக்கு ஒரு மோட்டார், சுவிட்ச் உள்ள ஒரு பேட்டரி பெட்டி, கியர் ஒரு கைப்பிடி, இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

லெகோ மோட்டார் விலையைப் பார்த்து மலைத்துப்போனால், ரோபோ செய்யும் பையன்கள் வாங்கும் பேட்டரியில் ஓடும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார் கோவையில் மலிவாகக் கிடைக்கும். அதன் தண்டு இரண்டு பக்கம் சீவியது, லெகோ ஆக்ஸில் கூட்டல் குறி வடிவம். நடுவில் முப்பரிமாண அச்சில் எடுத்த ஒரு இணைப்பு வேண்டும். லெகோ அல்லாத எதையும் தொடக் கூடாது என்று விரதம் இருப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த விரதம் கிடையாது. ஆனால் கியரிலும், துண்டுகளை இணைக்கும் பின்களிலும் மட்டும் மலிவுச் சரக்கு வேண்டாம் என்பேன். பிரிக் கொஞ்சம் தளர்ந்தால் யாருக்கும் தெரியாது. கியர் அரை மி.மீ. கோணினால் மோட்டார் முனகுவது பக்கத்து அறைவரை கேட்கும்.

வெளிநாட்டிலிருந்து தனித்தனித் துண்டாகத் தருவிக்கும் முன் யோசியுங்கள். பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023-ல் 70. பார்சல் வாசலுக்கு வரும்போது துண்டின் விலையை வரியும் தபால் செலவும் தாண்டிவிடக்கூடும். உள்நாட்டில் பழைய டெக்னிக் செட்டுகளை எடைக்கு விற்பவர்களிடம் வாங்குவதே உத்தமம். வாங்கியதைக் கழுவும்போது வெந்நீர் வேண்டாம், 40 டிகிரிக்கு மேல் போனால் துண்டு நெளியும். மோட்டாரையும் பேட்டரி பெட்டியையும் தண்ணீரில் போடாதீர்கள் என்று ஆசிரியைக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் உதவிக்கு வருபவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

குளிர், ஈரம் பற்றி. பிரிக்கின் பிளாஸ்டிக்குக்கு மழையும் மூட்டமும் ஒரு பொருட்டே இல்லை. கெடுவது மற்றவை. அட்டைப் பெட்டியிலும் கையேட்டிலும் பூஞ்சை பிடிக்கும், பேட்டரி பெட்டியின் உலோக முனை பச்சை பூக்கும். மழைக்காலத்தில் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். கையேட்டைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு அட்டையைத் தூக்கிப் போடலாம், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவே போதும். ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் சாதாரண ஆல்கலைன் பேட்டரி சீக்கிரம் துவண்டுவிடும். சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி அதைவிடப் பரவாயில்லை. ஆனால் செல்லுக்கு 1.2 வோல்ட் என்பதால் ஆறு செல்லுக்கு 7.2 வோல்ட்தான், 9 அல்ல. மோட்டார் கொஞ்சம் மெதுவாக ஓடுவது கோளாறு இல்லை. கியர் இறுக்கமாக இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டுவிடாதீர்கள். நம் குளிரில் அது உறைந்து, தூசியைச் சேர்த்துப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். இறுகினால் காரணம் பெரும்பாலும் ஆக்ஸில் வளைந்திருப்பது, அல்லது ஆக்ஸிலில் மாட்டும் புஷ் வளையத்தை நெருக்கித் தள்ளியிருப்பது. ஒரு நகக்கண் அளவு விட்டுக்கொடுங்கள். மூடுபனி ஊர்தானே என்று வெயிலை லேசாக எடுக்கவும் வேண்டாம். உயரத்தில் புற ஊதா அதிகம். ஜன்னலோரம் வைத்த வெள்ளைத் துண்டும் சாம்பல் துண்டும் பழுப்பேறும்.

கடைசிக் கேள்வி, பகிர்வது. மோட்டார் மாடலை ஒரு புகைப்படமாக அனுப்புவதில் பாதி விஷயம்கூடப் போய்ச் சேராது. பார்க்கிறவர் அதைத் தானும் கட்டி, ஓட்டி, முடிந்தால் உங்களைவிட நன்றாகச் செய்ய வேண்டும். அப்போதுதான் பகிர்ந்ததாக அர்த்தம். ஆகவே மூடியைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் கியரை மெதுவாக ஓடவிட்டுப் படம் பிடியுங்கள். ஒரு ஆக்ஸில் மட்டும் சிவப்பில் இருந்தால் எது எவ்வளவு சுற்றுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். துண்டுகளின் உட்பக்கத்தில் பொடி எழுத்தில் எண் அச்சாகியிருக்கும். 8 பல் கியர் 3647, 24 பல் 3648, 40 பல் 3649, வார்ம் 4716. பட்டியலில் பெயரோடு இந்த எண்ணையும் எழுதுங்கள், "சின்ன கியர்" என்று எழுதினால் எதிர்முனையில் இருப்பவர் எதை எடுப்பார்?

கணினியில் வரைந்து கொடுப்பது இன்னும் நல்லது. ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலியர் 1995-ல் உருவாக்கிய, லெகோவைக் கணினியில் வரையும் எல்டிரா முறையிலிருந்துதான் இந்த வழக்கம் வளர்ந்தது. இன்று அதிகம் புழங்குவது ஸ்டூடியோ என்ற மென்பொருள், இலவசம். அதை வெளியிடும் பிரிக்லிங் என்ற லெகோ துண்டுகளின் இணையச் சந்தையை லெகோ நிறுவனம் 2019-ல் வாங்கிவிட்டது. படிப்படியான கையேட்டை அதிலேயே உருவாக்கலாம். ஆனால் கணினியில் நிற்பதெல்லாம் கையில் நிற்காது. உராய்வும் எடையும் அதற்குத் தெரியாது. கட்டிப் பார்த்து ஓடிய பிறகு வரையுங்கள். வேறொருவரின் கியர் ஏற்பாட்டைப் பார்த்துச் செய்திருந்தால் அவர் பெயரைப் போடுங்கள். கையேட்டுக்குக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் உழைப்பு, தப்பில்லை. முதல் சில மாடல்களை நீங்கள் சும்மா கொடுங்கள் என்பேன். திரும்பி வரும் திருத்தங்கள் அந்தக் காசைவிட உபயோகம்.

உங்கள் ஊரில் இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் பந்து ஓட்டம் செய்யுங்கள். கிரேட் பால் கான்ட்ராப்ஷன் என்று உலகம் முழுக்க ஆடும் ஆட்டம் இது. ஒவ்வொருவரும் ஒரு பொறி கட்டுவார்கள். பக்கத்துப் பொறி தரும் பந்தை வாங்கி ஏதாவது வேடிக்கை செய்து அடுத்ததற்குத் தள்ள வேண்டும். விதி அதிகமில்லை. பந்து வாங்கும் கூடை 10-க்கு 10 குமிழ், உயரம் 10 பிரிக். சராசரியாக விநாடிக்கு ஒரு பந்தை வாங்கித் தர வேண்டும். மொத்தமாகத் தள்ளினாலும் ஒரு தடவைக்கு 30 பந்துக்கு மேல் கூடாது. இவ்வளவை மட்டும் ஒப்புக்கொண்டால், ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள் கட்டியதுகூட ஒன்றோடொன்று சேரும். நம்மூரில் இதை ஒரு டீ ஃபேக்டரியாகவே செய்யலாம். பந்துதான் கொழுந்து. ஒருவர் வாட்டும் தொட்டி, ஒருவர் கொழுந்தை அரைத்துத் தள்ளும் ரோட்டர்வேன், ஒருவர் சி.டி.சி., ஒருவர் டிரையர், கடைசியில் சலிக்கும் ஜல்லடை. பள்ளியில் ஓட்டினால் பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு ஃபேக்டரியிலோ தோட்டத்திலோ வேலை இருக்கும், இதை அவர்களுக்கு விளக்கவே வேண்டாம். தப்பாக இருந்தால் அவர்களே சொல்வார்கள்.

பிள்ளைகள் முன்னால் வைக்கும்போது தொடாதே என்று பலகை மாட்ட வேண்டாம். தொடுவதற்கென்றே ஒரு கைப்பிடி வையுங்கள். மோட்டாருக்குப் பதிலாகக் கையால் சுற்றும்படி ஒரு சின்ன சி.டி.சி. உருளை பக்கத்தில் இருக்கட்டும். கூட்டம் அங்கேதான் சேரும், பெரிய மாடல் பிழைக்கும். மாற்று பேட்டரி இரண்டு செட், 8 பல் கியர் பத்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேய்வதும் தொலைவதும் அதுதான்.

பிறகு கொண்டுபோகிற வேலை. ஒட்டிவிட்டால் ஆடாதே என்று யாராவது ஃபெவிக்விக்கை நீட்டினால் வாங்காதீர்கள். அதற்கப்புறம் அந்தத் துண்டு வேறு எதற்கும் ஆகாது. மாடலை ஆரம்பத்திலேயே 32 குமிழ் பலகைகளாகப் பிரித்துக் கட்டி, பலகைக்குப் பலகை இரண்டு பின் மட்டும் போட்டு இணையுங்கள். பிரித்து, பலகைக்கு ஒரு அட்டைப் பெட்டி, சுற்றிலும் பழைய துணி. எஞ்சினைத் தனியாக எடுத்து, அதன் அடியில் இருக்கும் பல்சக்கரம் எதிலும் இடிக்காதபடி தலைகீழாகப் படுக்க வையுங்கள். பஸ்ஸில் போவதானால் பின் சீட் வேண்டாம், கொண்டை ஊசி வளைவில் தூக்கிப் போடும். முன்பக்கம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள், ஆனால் பெட்டியை மேலே ரேக்கில் மட்டும் ஏற்றாதீர்கள்.